பழ ஈயின் இணைத்தேர்வு: சப்பிரகமுவாத் தோட்டங்களை முன்னிட்டு ஓர் அறிவியல் வரலாறு

அறிவியலின் பெரிய வினாக்கள் பல, சிறிய உயிர்களைக் கொண்டே விடுவிக்கப்பட்டுள்ளன. யானையும் புலியும் கூறாத உண்மைகளைப் பட்டாணிக் கொடியும் பழ ஈயும் கூறின. ஆணும் பெண்ணும் எவ்வாறு ஒன்றையொன்று தேர்ந்துகொள்கின்றன, அத்தேர்வு ஓர் இனத்தின் உருவத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றியமைக்கிறது என்னும் வினாவும் அத்தகையதே. அதன் வரலாறு இலண்டனிலும் நியூயோர்க்கிலும் மட்டும் நடந்ததன்று. அதன் முக்கியமான பகுதியொன்று இந்தியாவின் பீகாரில் தொடங்கியது. பின்னர் அது பசிபிக் தீவுகளில் வளர்ந்து, இலங்கையின் பெயரையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றை அறிவதனால் வரும் பயன் யாது என்று வினவுவோர், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை ஒருமுறை நோக்குதல் நலம். இரப்பரும் தேயிலையும் நிறைந்த அக்குன்றுகளில், லயங்களின் முன்னும் பின்னும் உள்ள சிறு நிலத்துண்டுகளிலே கொய்யா, மா, பலா, ஜம்பு, பப்பாசி ஆகியன நிற்கின்றன. வேலியிற் பாகலும் புடோலும் படர்கின்றன. தோட்டத்தின் விளைவு கம்பனிக்குரியது. லயத்து முற்றத்தின் பழமோ தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குரியது. அப்பழத்தைப் பிளந்தால் உள்ளே வெண்புழு நெளிகிறது. வாசனை மருந்திட்ட பொறியைக் கிளையிற் கட்டினால் ஈக்கள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்து மடிகின்றன. எனினும் அடுத்த பழத்திலும் புழு இருக்கிறது. பொறி நிறையவும் பழம் பிழைக்காதது ஏன்? இவ்வினாவுக்கு விடை மருந்துப் புட்டியின் மேலொட்டிய தாளில் இல்லை. ஈயின் இணைத்தேர்வு வரலாற்றிலேயே உள்ளது.

இரு வகைப் பழ ஈக்கள்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பழ ஈ என்று வழங்கப்படுவன இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அளவுக்கு மேற் கனிந்த வாழைப்பழச் சீப்பைச் சுற்றிப் பறக்கும், எள்ளளவே ஆன செங்கண் ஈ துரோசோபிலா எனப்படும். அது புளிக்கத் தொடங்கிய பழத்தையே நாடும். நல்ல பழத்துக்குக் கேடு செய்வது அரிது. அதன் இனமொன்றே ஆய்வுகூடங்களிற் பரம்பரையியலின் அடிப்படை விலங்காக விளங்குவது.

மற்றையது வீட்டு ஈயளவானது. கபில நிறமும் மஞ்சட் பட்டைகளும் தெளிந்த சிறகுகளும் உடையது. கீழைத்தேயப் பழ ஈ எனப்படும் பக்ரோசெரா டோர்சலிஸ் இவ்வகையிற் பேர்பெற்றது. இதன் பெண், ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பினால் பழத்தின் தோலைத் துளைத்து உள்ளே முட்டைகளை வைக்கிறது. ஓரிரு நாளில் குடம்பிகள் வெளிப்பட்டுச் சதையை உண்டு வளர்கின்றன. பழம் அழுகி விழுந்ததும் அவை மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, பின்னர் நிறையுடலியாக எழுகின்றன. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. ஆண்டுதோறும் 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரி போன்ற ஈரவலயத்தில் மண் உலர்வது அரிது. ஏதேனும் ஒரு மரம் எப்பொழுதும் காய்த்திருக்கும். ஆதலின் இவ்வீக்கு அங்கே ஓய்வுகாலம் என்பதொன்றில்லை.

இலங்கைத் தோட்டங்களின் பூச்சியியல் தொடக்கத்திலே பெருவிளைவுகளையே நோக்கியது. ஏர்னெஸ்ற் கிறீன் என்பார் தேயிலைச் செடியின் பூச்சிப்பீடைகள் பற்றிய நூலை 1890இல் வெளியிட்டார். தேயிலைக்கு வந்த பீடை வருவாய்க்கு வந்த பீடை. முற்றத்துக் கொய்யாவுக்கு வந்ததோ எவர் கணக்கிலும் எழுதப்படாத நட்டம். பழ ஈக்களைப் பற்றிய ஆராய்ச்சி வணிகமும் ஏற்றுமதியும் தலையிட்ட இடங்களிலேயே விரைந்து வளர்ந்தது என்பதை இவ்வரலாறு நெடுகிலும் காணலாம்.

டார்வினின் வினா

1859இல் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட சாள்ஸ் டார்வினுக்கு மயிலின் தோகை ஒரு தடையாக நின்றது. பறப்பதற்கு இடையூறாயும் பகைவிலங்கின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதாயும் உள்ள ஓர் உறுப்பு, உயிர்பிழைத்தலுக்கு உதவுவதனால் வளர்ந்ததென்று கூற இயலாது. 1871இல் மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் அவர் இதற்கு விடை கூறினார். உயிர்பிழைத்தல் வேறு, இணையைப் பெறுதல் வேறு. ஆண்கள் தம்முட் போட்டியிடுவதனாலும், பெண்கள் சில ஆண்களை விரும்பிப் பிறவற்றை மறுப்பதனாலும், இணையைப் பெற உதவும் பண்புகள் தலைமுறைதோறும் பெருகும். இதனையே அவர் இலிங்கத் தேர்வு என்றார். ஆண்களின் போட்டியைப் பலரும் ஏற்றனர். பெண் விலங்கு தேர்ந்தெடுக்கும் என்பதை ஏற்கப் பலர் தயங்கினர்.

தேர்வுக்கு இடமிருந்தால் என்ன விளையும் என்பதை, இடமில்லாத ஓர் உயிரோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். அவ்வுயிர் சப்பிரகமுவாத் தேயிலைத் தண்டினுள்ளேயே இருக்கிறது. தேயிலையின் கிளையைத் துளைத்து வாழும் துளைவண்டு தன் குகைச் சுவரில் ஒருவகைப் பங்கசை வளர்த்து அதனையே உணவாகக் கொள்கிறது. அப்பங்கசை இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்போர் 1947இல் விவரித்தனர். இவ்வண்டின் பெண், கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆணையும், கருக்கட்டிய முட்டையிலிருந்து பெண்ணையும் பெறுகிறது. ஒரு குகையில் ஆண்கள் மிகச் சிலவே. அவை பெண்ணினும் சிறியவை; பறக்க இயலாதவை. உடன்பிறந்த பெண்களோடு இருட்டிலேயே இணைந்து, பிறந்த குகையிலேயே மடிகின்றன. போட்டியும் இல்லை, தேர்வும் இல்லை. ஆதலின் ஆணுக்கு அழகும் இல்லை, ஆட்டமும் இல்லை. இத்தகைய உயிர்களில் ஆண்தொகை ஏன் அருகுகிறது என்பதை வில்லியம் ஹமில்ற்றன் 1967இல் கணித முறையால் விளக்கினார்.

தேயிலைத் தண்டுக்குச் சில அடி தூரத்தில் நிற்கும் கொய்யா மரத்தின் இலையிலோ நிலைமை முற்றும் வேறு. அங்கே அந்தி வேளையில் ஆண் ஈக்கள் கூடுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் இலையைத் தன் இடமாகக் கொண்டு, வேறோர் ஆண் வரின் துரத்தி, சிறகுகளை அதிர்த்து, மணமொன்றைப் பரப்புகிறது. பெண் வந்து பார்த்துச் சிலவற்றை ஏற்கிறது. பலவற்றை விட்டுப் போகிறது. டார்வின் கூறிய இரண்டு செயல்களும், ஆண்களின் போட்டியும் பெண்ணின் தேர்வும், அச்சிறு இலையில் ஒருங்கே நிகழ்கின்றன.

பூசாவில் ஒரு நிகழ்ச்சி

இந்த மணத்தின் வரலாறு பீகாரிலுள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலே தொடங்கிற்று. அங்கே பூச்சியியலாளராயிருந்த ஹௌலெற் என்பவர் 1912இல் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டார். நுளம்பை விலக்குவதற்காகச் சிற்றனெல்லா என்னும் வாசனைப் புல்லின் எண்ணெய் பயன்படுத்தப்பட்டபோது, நுளம்பு விலகியதோ இல்லையோ, பழ ஈக்கள் திரண்டு வந்து மொய்த்தன. அவற்றைப் பிடித்துப் பார்த்தபோது யாவும் ஆண்களாகவே இருந்தன. சிற்றனெல்லா எண்ணெய் இலங்கையின் தென்பகுதியிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான பண்டம் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

ஹௌலெற் அத்துடன் நில்லாது, எண்ணெயிலுள்ள எப்பொருள் இந்த ஈர்ப்பை விளைக்கிறது என்று தொடர்ந்து ஆராய்ந்தார். 1915இல் மெதயில் யூஜினோல் என்னும் பொருளின் ஆற்றலை அவர் எடுத்துக்காட்டினார். கீழைத்தேயப் பழ ஈ அக்காலத்து இந்திய நூல்களில் வேறொரு பெயரால் வழங்கப்பட்டது. பக்ரோசெராவுக்குரிய டோர்சலிஸ் என்னும் பெயரை ஹென்டல் என்பவர் போர்மோசாத் தீவிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு 1912இலேயே சூட்டியிருந்தார். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் இவ்வகை ஈக்களைப் பற்றி இத்தாலிய அறிஞர் பெட்சி 1916இல் எழுதினார்.

1915ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே மறக்கலாகாதது. பூசாவில் ஹௌலெற் ஆண் ஈயை ஈர்க்கும் மணத்தைப் பற்றி எழுதிய அதே ஆண்டில், நியூயோர்க்கில் ஸ்ரேர்ட்டவன்ற் என்பவர் துரோசோபிலாவின் காதற் செயல்களைப் பற்றியும், அதில் இலிங்கத் தேர்வுக்கு உள்ள இடத்தைப் பற்றியும் தம் பரிசோதனைகளை வெளியிட்டார். சிறகு நறுக்கப்பட்ட ஆண்கள் பெண்ணின் இசைவைப் பெறுவதிற் பின்தங்கின என்று அவர் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் றொனால்ட் பிஷர், பெண்ணின் விருப்பமும் கூர்ப்படைவதே என்று வாதிட்டார். ஒரு பண்பை விரும்பும் பெண்ணுக்கு அப்பண்புடைய ஆண்மக்கள் பிறப்பர். அம்மக்களைப் பிற பெண்களும் விரும்புவர். ஆதலின் விருப்பமும் பண்பும் ஒன்றையொன்று தூக்கி வளர்க்கும் என்பது அவர் கருத்து. மூவரும் மூன்று வழியால் ஒரே வினாவை அணுகினர். மூன்று வழிகளும் ஒன்று கூடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

ஆய்வுகூடத்து ஈ கற்பித்த பாடம்

1948இல் பேற்மன் என்பவர் துரோசோபிலாவைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். கண்ணுக்குத் தெரியும் பரம்பரை அடையாளங்களையுடைய ஈக்களைச் சேர்த்து வைத்து, எக்குஞ்சு எவருடையது என்று கணக்கிட்டார். ஆண் எத்தனை பெண்களோடு இணைகிறதோ அத்தனைக்கு அதன் சந்ததி பெருகியது. பெண்ணுக்கோ ஓர் இணைக்கு மேற்பட்டவற்றால் அத்தகைய பெருக்கம் இல்லை. ஆண் ஏன் ஆவலோடு நாடுகிறது, பெண் ஏன் நிதானித்துத் தெரிகிறது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணமெனப் பல்லாண்டுகள் பாடநூல்கள் கூறின. 2012இல் கோவற்றியும் அவருடைய உடனாய்வாளரும் அப்பரிசோதனையை மீளச் செய்து, அடையாளப் பண்புகள் இரண்டையும் ஒருங்கே பெற்ற குஞ்சுகள் பல இறந்தமையால் கணக்கே பிறழ்ந்தது என்று காட்டினர். பெற்றோர் இருவரும் அடையாளம் காணப்பட்டவை உயிர்பிழைத்த குஞ்சுகளே அன்றிப் பிறந்தவை யாவும் அல்ல. நெடுங்காலம் நின்ற ஒரு முடிவும் மீளாய்வுக்கு உட்பட்டதே என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தேர்வு இணைசேர்ந்ததும் முடிந்துவிடுவதில்லை என்பதும் பின்னர் விளங்கிற்று. ஆணின் விந்துத் திரவத்திலுள்ள ஒரு சிறு புரதம் பெண்ணின் நடத்தையை மாற்றுகிறது என்பது 1988இல் சூரிச்சில் அறியப்பட்டது. அது புகுந்த பின் பெண் பிற ஆண்களை விலக்குகிறது, முட்டையிடுதல் மிகுகிறது. விந்துத் திரவத்தினால் பெண்ணின் வாழ்நாள் குறைவதை 1995இல் சப்மன் முதலியோர் காட்டினர். அதே ஆண்டில், துரோசோபிலா பைபேர்க்கா என்னும் இனத்தின் விந்தணு ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் நீளமுடையது, அதனை உண்டாக்கும் ஆணைப்போல் இருபது மடங்கு நீண்டது என்று பிற்னிக் முதலியோர் அறிவித்தனர். பெண்ணின் உடலுள்ளும் போட்டி தொடர்வதனாலன்றி இத்தகைய பொருட்செலவு விளங்காது.

ஆணின் நலமும் பெண்ணின் நலமும் எப்போதும் ஒன்றல்ல. 1999இல் ஹொலண்டும் றைசும் துரோசோபிலாவை 47 தலைமுறை ஒருத்திக்கு ஒருவன் என்னும் முறையில் வளர்த்தனர். போட்டி நீங்கவே, ஆண்கள் பெண்ணுக்குக் கேடு செய்யும் தன்மையிற் குறைந்தன. பெண்களும் அக்கேட்டை எதிர்க்கும் ஆற்றலைத் தளர்த்தின. ஆகவே இணைத்தேர்வு என்பது நிலையான சட்டமன்று. நிலைமை மாறினால் அதுவும் தலைமுறைகளுக்குள்ளே மாறும். இவ்வுண்மையைப் பின்னர் ஒக்கினாவாவிற் காண்போம்.

மணத்தின் பொருள்

ஹௌலெற் கண்ட ஈர்ப்பின் பொருள் என்ன? ஆண் மட்டும் வருவதனால், அந்த மணம் பெண் ஈயின் மணத்தை ஒத்ததோ என்று ஐயுறுதற்கு இடமிருந்தது. உண்மை அதுவன்று. ஆண் ஈ மெதயில் யூஜினோலைத் தேடி வருவது அதனை உண்ணுவதற்கே. பூக்களிலும் இலைகளிலும் அப்பொருள் இயற்கையாகவே உண்டு. கொன்றைப் பூ ஆண் ஈக்களை ஈர்ப்பது இதனாலேயே என்று 1968இல் ஹவாயில் அறியப்பட்டது. துளசியின் எண்ணெயிலும் இஃதுண்டு. துளசியிலையைப் பொறிகளிற் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. ஆலயத்து முற்றத்திலும் வீட்டு மாடத்திலும் மக்கள் போற்றும் கொன்றையும் துளசியும், பழ ஈயின் ஆணுக்குக் காதல் மருந்தாக அமைந்தமை இயற்கையின் விந்தையே.

உண்ட மெதயில் யூஜினோலை ஆண் ஈ தன் உடலில் வேறு இரு பொருள்களாக மாற்றி, குதச் சுரப்பியிற் சேர்த்து வைக்கிறது என்று நிஷிடா, பினாங்கைச் சேர்ந்த டான் கெங் ஹொங் முதலியோர் 1988இல் காட்டினர். அந்தி வேளையிற் சிறகதிர்த்துப் பரப்புவது இப்பொருள்களையே. 1994இல் ஷெல்லியும் டீவாரும் செய்த பரிசோதனையில், மெதயில் யூஜினோலை உண்ட ஆண்கள் உண்ணாதவற்றைவிட மிகுதியாகப் பெண்களைப் பெற்றன. ஒருமுறை உண்டதன் பயன் 35 நாள் சென்ற பின்னும் நீங்கவில்லை.

பெண் இதனாற் பெறும் நன்மை யாது என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்பட்டாரல்லர். மணத்தைக் கண்டறிந்து உண்ணவல்ல ஆணின் மக்களும் அத்திறமை பெறுவர் என்பது பிஷரின் வழியில் அமைந்த விளக்கம். அப்பொருளை உண்ட ஈயை வீட்டுப் பல்லிகள் தின்னத் தயங்குகின்றன என்பதை மலேசிய ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆதலின் பகையிலிருந்து பெறும் காவலும் ஒரு காரணமாகலாம். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவு. பெண் மணமுடைய ஆணை விரும்புகிறது. ஆதலின் ஆண் மணத்தை விட்டு நீங்க மாட்டாது. பெண்ணின் விருப்பமே ஆணைப் பொறிக்குள் இழுத்து வருகிறது.

பொறியும் அதன் எல்லையும்

இப்பலவீனத்தை மனிதன் கருவியாக்கினான். பசிபிக்கிலுள்ள றோற்றாத் தீவில், மெதயில் யூஜினோலும் பூச்சிநஞ்சும் ஊட்டிய நார்ப்பலகைத் துண்டுகள் வானிலிருந்து இடப்பட்டன. ஆண்கள் அற்றுப்போயின, இணையின்றிப் பெண்களும் சந்ததியின்றி முடிந்தன. இதனை ஸ்ரைனரும் அவர் குழுவினரும் 1965இல் அறிவித்தனர். இதே முறையால் யப்பான் தன் தென்தீவுகளிலிருந்து கீழைத்தேயப் பழ ஈயை 1986இல் ஒழித்து முடித்தது.

எனின், லயத்து முற்றத்துப் பொறி ஏன் தோற்கிறது? விடை இப்பொழுது எளிது. பொறியில் வீழ்வன யாவும் ஆண்களே. முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு இணையவல்லது. ஒருமுறை இணைந்த பெண் விந்தணுக்களைத் தன் பைகளிற் சேமித்து வைத்து நெடுநாள் முட்டையிடவல்லது. ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மடிந்தாலும் எஞ்சிய பத்தும் பெண்களனைத்துக்கும் போதியனவாகும். மேலும் அடுத்த லயத்திலும் அருகிலுள்ள காட்டோரத்திலும் இணைந்துவிட்ட பெண்கள் பறந்து வருவதை இப்பொறி தடுக்காது. றோற்றாவும் யப்பானியத் தீவுகளும் கடல் சூழ்ந்தவை. அங்கே தீவு முழுவதும் ஒரே காலத்தில் மருந்திடப்பட்டது. ஒற்றை மரத்திற் கட்டிய ஒற்றைப் பொறி, ஈயின் வரவை அறிவிக்குமேயன்றிப் பழத்தைக் காவாது. நிறைந்த பொறி வெற்றிக்குச் சான்றன்று; அது பகையின் பெருக்கத்துக்கே சான்று.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. மணத்தை நாடாத ஆண்களை மட்டும் தெரிந்து தலைமுறைதோறும் பெருக்கினால், நாடாத தன்மை மிகுகிறது என்று ஷெல்லி 1997இல் ஆய்வுகூடத்திற் காட்டினார். பொறி என்பதும் ஒரு தேர்வே. அது தப்பிப் பிழைக்கும் ஆணைத் தெரிகிறது. பெண்ணின் விருப்பம் ஒரு பக்கம் இழுக்க, பொறி மறுபக்கம் இழுக்கிறது.

ஒக்கினாவாவில் மறுத்த பெண்கள்

பாகல், புடோல், பூசணி முதலியவற்றைக் கெடுக்கும் கொடிப்பழ ஈக்கு மெதயில் யூஜினோல் ஈர்ப்பன்று. ஆதலின் யப்பானியர் அதற்கு வேறு வழி கண்டனர். ஆய்வுகூடத்திற் கோடிக்கணக்கில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சினால் மலடாக்கி, வெளியில் விட்டனர். மலட்டு ஆணோடு இணைந்த பெண்ணின் முட்டை பொரிக்காது. 1972இல் கூமே தீவிலே தொடங்கிய இம்முயற்சி 1993இல் ஒக்கினாவா மாவட்டம் முழுவதிலும் ஈயை ஒழித்து நிறைவுற்றது.

இடையே ஓர் இடையூறு நேர்ந்தது. ஒக்கினாவாத் தீவின் ஒரு பகுதியில் மலட்டு ஆண்களை எத்துணை விட்டும் பயன் குறைந்தது. அங்குள்ள காட்டுப் பெண் ஈக்கள் ஆய்வுகூடத்து ஆண்களை ஏற்க மறுப்பனவாக மாறிவிட்டன என்று ஹிபினோவும் இவஹஷியும் 1991இல் எழுதினர். மலட்டு ஆணை ஏற்ற பெண்ணுக்குச் சந்ததியில்லை. வேறுபாடறிந்து மறுத்த பெண்ணுக்கே சந்ததியுண்டு. ஆதலின் சில ஆண்டுகளிலேயே தேர்வு கூர்மையடைந்தது. டார்வின் காலத்திற் பலர் ஏற்கத் தயங்கிய பெண்ணின் தேர்வு, அரசாங்கமொன்றின் பெருந்திட்டத்தையே தடுமாறச் செய்தது. திட்டம் இறுதியில் வென்றதாயினும், பெண் ஈயை வெறும் முட்டைப்பையாகக் கருதுதல் கூடாது என்னும் பாடத்தை அது விட்டுச்சென்றது.

இலங்கையின் பெயர்

இவ்வரலாற்றிலே இலங்கைக்குரிய பகுதி பெயர்சூட்டலைப் பற்றியது. 1994இல் துறூவும் ஹன்கொக்கும் ஆசியாவின் இவ்வீக்கூட்டத்தை ஆராய்ந்து பல புதிய இனங்களை விவரித்தனர். கண்டியின் பெயரைத் தாங்கிய பக்ரோசெரா கண்டியென்சிஸ் அவற்றுள் ஒன்று. 1990களில் யப்பானிய, இலங்கை ஆராய்ச்சியாளர் சேர்ந்து இலங்கைப் பழ ஈக்களையும் அவை உண்ணும் தாவரங்களையும் திரட்டிப் பதிந்தனர்.

2003இல் கென்யாவிற் புதியதொரு பழ ஈ காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது ஆபிரிக்க நாடுகள் பலவற்றிற் பரவி மாங்கனி ஏற்றுமதியை இடர்ப்படுத்தியது. இதனையொத்த ஈக்கள் இலங்கையிலிருந்து பெற்ற மாதிரிகளில் இருந்தன. எனவே 2005இல் துறூ, ட்சுறூற்றா, வைற் ஆகியோர் இலங்கைக்கும் ஆபிரிக்காவுக்கும் உரிய புதிய இனமாக இதனை அறிவித்து, படையெடுத்துவருவது என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். நிறத்திலும் சில அளவுகளிலும் இது டோர்சலிசின் வேறென்று அவர்கள் கருதினர்.

நூதனசாலையில் ஊசியிற் குத்திய ஈயை அளந்து கூறிய அம்முடிவை உயிருள்ள ஈக்கள் ஏற்கவில்லை. ஒஸ்திரியாவிலுள்ள அனைத்துலக அணுசக்தி முகவர் நிலையத்தின் ஆய்வுகூடத்தில் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது, அவை தயக்கமின்றி இணைந்தன. அவற்றின் சந்ததியும் பிழைத்துப் பெருகின. பெண் வேறுபாடு காட்டவில்லை. மணப்பொருள், பரம்பரையலகுகள், உடலமைப்பு ஆகிய சான்றுகளும் அவ்வழியே நின்றன. 2015இல் ஷூற்சும் பல நாட்டு ஆராய்ச்சியாளரும் இவை ஓரினமே என்று அறிவித்து, பழைய டோர்சலிஸ் என்னும் பெயருள் அடக்கினர். தனி இனமாகவே வைக்கப்பட்ட கரம்போலே என்பதோ மணப்பொருளில் வேறுபட்டது. டோர்சலிசோடு இணைவதிலும் தயக்கம் காட்டுவது. ஆகவே ஓரினத்தின் எல்லையை இறுதியிற் கோடிட்டது அளவுகோலன்று. பெண் எந்த ஆணை ஏற்கிறது என்பதே.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. ஓரினமென்று தெளிந்த பின்னரே ஒரு நாட்டிற் கண்ட பொறியும் மலட்டு ஆண் முறையும் மற்றொரு நாட்டுக்கும் பொருந்தும் என்று துணியலாம். ஹவாயிலும் யப்பானிலும் பெற்ற அறிவு இலங்கைக்கும் உரியதாயிற்று.

முற்றத்துக்கு மீளுதல்

இவ்வரலாறு சப்பிரகமுவாத் தோட்டக் குடும்பங்களுக்குக் கூறுவன சில. முதலாவது, பெண்ணை நோக்கிய வழிகளே பழத்தைக் காக்கும். முட்டை முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரத உணவு வேண்டும். ஆதலின் புரதக் கரைசலோடு சிறிது நஞ்சு கலந்து இலையிற் புள்ளி புள்ளியாகத் தெளிக்கும் முறையை ஸ்ரைனர் 1952இல் ஹவாயில் வகுத்தார். நஞ்சு விரும்பாதோர், காய் முற்றுமுன் கடதாசிப் பையாலோ துணியாலோ கட்டினால் போதும். ஊசி புகாத பழத்திற் புழு புகாது.

இரண்டாவது, விழுந்த பழத்தை அடிமரத்தில் அழுகவிடுதல் அடுத்த தலைமுறையை வளர்ப்பதாகும். அதனைத் திரட்டி ஆழக் குழிதோண்டிப் புதைத்தலோ, இறுகக் கட்டிய பையில் இட்டு வெயிலில் வைத்தலோ வேண்டும். மூன்றாவது, ஒரு வீடு செய்து மறுவீடு செய்யாவிடின் பயனில்லை. ஈக்கு லயத்தின் சுவரும் தோட்டத்தின் எல்லையும் தெரியா. ஆண் பொறியும் ஒரு லயம் முழுவதும், ஒரு தோட்டம் முழுவதும், ஒரே காலத்தில் இடப்பட்டாலன்றிப் பயன்தராது. றோற்றாத் தீவுக்குக் கடல் செய்த உதவியை இங்கே மக்களின் ஒற்றுமையே செய்தல் வேண்டும்.

தேயிலைக்கும் இரப்பருக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. முற்றத்துக் கொய்யாவுக்கு ஆராய்ச்சி நிலையம் அத்தோட்டத்துப் பாடசாலையே ஆகலாம். வாரந்தோறும் பொறியில் வீழ்ந்த ஈக்களை எண்ணி எழுதவும், எம்மாதம் பெருகின என்று குறிக்கவும், பை கட்டிய பழத்தையும் கட்டாத பழத்தையும் பிளந்து ஒப்பிடவும் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. பூசாவில் ஹௌலெற்றுக்கு இருந்த முதற் கருவியும், ஓர் எண்ணெயை நாடி வந்த ஈக்கள் யாவும் ஆண்களாயிருப்பதேன் என்று கேட்ட மனமே. அம்மனம் மாணவரிடத்து வளருமாயின், பிள்ளைகளின் பழம் பிள்ளைகளுக்கே எஞ்சும்.